ஆறு, அவுரு, எட்டு

என் பழைய ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். இனிமேல் மறதிப் பரிசோதனையை மனிதர்கள் நடத்தப் போவதில்லையாம். கையடக்கத் திரை ஒன்று கேள்வி கேட்கும், பதிலைக் கேட்டு அதுவே மதிப்பெண்ணும் போடும். "உங்க அனுபவத்துலேர்ந்து ரெண்டு மூணு டிப்ஸ் குடுங்க சார், அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் ஆலோசனை கேட்பது நல்ல பழக்கம். அவன் சொல்ல ஆரம்பித்தால்தான் ஆபத்து. எனவே நடந்த ஒன்றை மட்டும் எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும் என்றார். முடியவில்லை.

ஓய்வு என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாகத்தான் பயன்படுத்துகிறேன். எனக்கு யாரும் மாலை போடவில்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். என் பதவியின் பெயர் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். பட்டத்துக்குப் பிந்தையவன், உத்தியோகத்துக்கு முந்தையவன். இந்த இரண்டுக்கும் நடுவில் மற்றவர்கள் மூன்று நான்கு ஆண்டு தங்கிவிட்டுப் போவார்கள். நான் குடித்தனமே நடத்தினேன்.

பயிற்சிக் காலத்தை ஒரே சொல்லில் முடித்துவிடலாம்: எலி. ஐந்து வருடம் எலிகளுக்கு மறதி வரவழைத்தேன். இன்னும் சில வருடம் அதே மறதியைப் போக்க முயன்றேன். முதல் வேலையில் காட்டிய திறமை இரண்டாவதில் கைகூடவில்லை. அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூரில் ஒரு பழைய நெல் கிடங்கை வாடகைக்கு எடுத்து, முதுமை மறதிக்கென்று ஆய்வுக்கூடம் திறந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய்க் கேள்வி கேட்டு, ரத்தம் எடுத்து, ஒவ்வொரு வருடமும் அதே ஆட்களிடம் அதையே திரும்பச் செய்ய வேண்டும். யாருக்கு மறதி வருகிறது, வருவதற்கு முன் ரத்தத்தில் என்ன மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. என் கட்டுரைகளைப் படித்துத்தான் என்னை எடுத்தார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். "நீங்க வாலாஜாபாத் பக்கம்தானே? இந்த ஊர் பேச்சு புரியும்" என்று மேடம் ஒருநாள் சொன்னபோது அந்த நம்பிக்கை போனது.

மேடம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் கட்டியிருப்பார். நின்றபடியே படிவங்களைப் படிப்பார், ஒவ்வொரு வரியாக, பென்சில் முனையை நகர்த்திக்கொண்டு. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாங்கள் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்குவோம். அவருக்கு ஒரே ஒரு வேதம்: "அவங்க சொன்னத எழுதுங்க. நீங்க நெனச்சத எழுத அதுல கட்டம் இல்ல."

உண்மையாகவே கட்டம் இல்லை. படிவம் முப்பது மதிப்பெண்ணுக்கு. சோதிக்கப்படுபவரின் வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வீட்டு ஆட்கள், கூட வரும் சுகாதாரப் பணியாளர் உட்பட எல்லோரும் காதுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். படங்களைக் காட்டிப் பெயர் கேட்க வேண்டும். இருபதிலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணச் சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரிக்காமல் இருப்பது மட்டும் எனக்கு இயல்பாக வந்தது. மொத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு கிழித்து வீட்டாரிடம் கொடுப்போம்: மறதி நோய் இருக்கக்கூடும், பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

கன்னியம்மாவை அப்படித்தான் சந்தித்தேன். உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. சொந்த நிலம் யாருக்கும் கிடையாது, நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு. நடவுக்குப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர் கன்னியம்மா. எந்த வயலுக்கு எத்தனை பேர், எத்தனை முடி நாற்று, யார் எந்த வரிசை என்று எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். அறுபத்து நாலு வயது என்று ஆதார் அட்டை சொன்னது. "அது சொல்லட்டும், நானு சொல்லல" என்றார் அவர்.

தேதி, கிழமை, மாதம் எல்லாம் சரியாக வந்தன. மூன்று சொற்களும் திரும்பி வந்தன. பிறகு படம் காட்டினேன். மலை.

"பெரிய கல்லு."

"இன்னொரு தபா பாருங்கம்மா."

"பாத்துட்டேன் சார். கல்லுதான். ரொம்பப் பெருசு."

பூஜ்யம். வாரத்துக்கு எத்தனை நாள் என்றேன். "ஆறுக்கு மேல ஒண்ணு" என்றார். படிவத்தில் கேட்டது ஒரு எண், கிடைத்தது ஒரு கணக்கு. பூஜ்யம். வீட்டுக்காரர் பெயர் என்ன என்றதற்கு, வெளியே வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவரைக் கையால் காட்டிவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பூஜ்யம். கடைசியில் பின்னோக்கி எண்ணச் சொன்னேன்.

"இருவது, பத்தொம்போது, பதினெட்டு, அவுரு, பதினாறு..."

என் பேனா நின்றது. அவர் நிற்கவில்லை. "ஒம்போது, எட்டு, அவுரு, ஆறு, அஞ்சு" என்று ஒன்றுவரை வந்து முடித்தார். விதிப்படி இரண்டாம் முறை எண்ணச் சொன்னேன். அதே இரண்டு இடத்தில் அதே சொல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்களுக்கு நடுவே தொடர்பற்ற சொல் புகுவது ஓர் அறிகுறி. அதே சொல் திரும்பத் திரும்ப வருவது அதைவிடப் பெரிய அறிகுறி. பாடப் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்துவிட்ட மாணவனைப் போல இரண்டையும் கட்டம் கட்டி எழுதினேன். கூட்டிப் பார்த்தால் அளவுக்குக் கீழே. ரோஸ் சீட்டைக் கிழித்து அவருடைய மகன் சங்கரிடம் கொடுத்தேன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து, ரத்தம் எடுக்க மறுபடி போனேன். கன்னியம்மா வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயலுக்குப் போகவில்லையா என்றேன்.

"எங்க வுடுறான். மூளைல ஏதோ கீதாமே எனக்கு. அடுப்பாண்ட போவக் கூடாதாம், கொயந்தயத் தூக்கக் கூடாதாம். கம்முனு குந்தினு கீறேன், பொம்ம மாரி."

உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். "போன வாரம் கொழம்புல ரெண்டு தபா உப்புப் போட்டுச்சி சார்." சீட்டு வந்த பிறகு அந்த வீட்டில் உப்பும் சாட்சி சொல்ல ஆரம்பித்திருந்தது.

ரத்தம் எடுப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும், எலிகளின் புண்ணியம். ஊசி உள்ளே இருக்கும்போது பத்துவரை எண்ணச் சொல்வது என் வழக்கம். கவனம் கையிலிருந்து எண்ணுக்குப் போய்விடும், பத்து முடிவதற்குள் இரண்டு குழாயும் நிரம்பிவிடும். இந்த வேலைக்கு யாரையும் தூரப் போகச் சொல்லும் விதி இல்லை. எனவே சுகாதாரப் பணியாளர் செல்வி பஞ்சோடு பக்கத்தில் இருந்தார். செல்வி அதே காலனிப் பெண், கல்யாணத்துக்கு முன்பு கன்னியம்மாவோடு நடவுக்குப் போனவர். கன்னியம்மா எண்ண, பழக்க தோஷத்தில் செல்வியும் கூடவே எண்ணினார். "நாலு, அஞ்சு, ஆறு, அவுரு, எட்டு."

இரண்டு குரலும் ஒன்றாகச் சொன்னதும் நான் நிமிர்ந்தேன். "செல்வி, உங்களுக்கும் மறதியா?"

"இன்னா சார் மறதி?"

"ஆறுக்கு அப்புறம் என்ன?"

"ஏழு."

"இப்ப அவுருன்னீங்களே."

செல்வி பஞ்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கன்னியம்மாவும் ஊசி குத்திய கையோடு குலுங்கிச் சிரித்ததில் குழாய் ஆடியது. "சார், இவுங்க வூட்டுக்காரர் பேரு இன்னா? ஏழுமல. புருசன் பேர எப்டி சார் வாயால சொல்லுவாங்க? எங்க செட்டு மொத்தமும் இவுங்களாண்டதான் எண்ணக் கத்துக்கிச்சி. நாத்து முடி எண்ணுறப்போ எல்லாருமே அவுருதான். டவுனு டாக்டருக்கு இதுகூடத் தெர்ல பாரு!"

தெரிந்திருக்க வேண்டும். என் அப்பா பெயர் திருப்பதி. என் அம்மா கடைசிவரை அந்த ஊரை 'மேல' என்றுதான் சொன்னாள். பக்கத்து வீட்டாரிடம் 'மேலேயிருந்து வந்த லட்டு' என்று நீட்டுவாள், அவர்கள் மாடியைப் பார்ப்பார்கள். அதில் வளர்ந்தவன்தான், படிவத்தைக் கையில் எடுத்ததும் எல்லாவற்றையும் மறந்தேன். சோதனை யாருக்கு நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

மேடம் நின்றபடி கேட்டார். மலை, வாரம், பெயர், பதினேழு, ஏழு. பென்சில் ஐந்து இடத்தில் நின்றது. பிறகு, கிட்டே போனால்தான் கேட்கும் குரலில், "இது ஒருத்தர்தானா?" என்றார். பழைய கட்டுகளை இறக்கினோம். இரண்டு நாள், நான் உட்கார்ந்தும் அவர் நின்றும், பெண்களின் படிவங்களை மட்டும் பிரித்துப் பார்த்தோம். எத்தனை தேறியது என்று சொல்ல மாட்டேன். விஞ்ஞானி எண் சொல்ல மறுப்பது அரிது, இதை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தது: கணவர் பெயரை ஒத்த சொல்லைத் தவிர்த்தாலோ மாற்றிச் சொன்னாலோ தவறாகக் கொள்ள வேண்டாம். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் மனித குலத்துக்குப் பயன்பட்ட ஒரே வரி அதுதான்.

சீட்டை ரத்து செய்து மேடம் எழுதிய கடிதத்தை நானே கொண்டுபோய், சங்கரையும் மருமகளையும் நிற்க வைத்துச் சத்தமாகப் படித்தேன். மறுநாளே கன்னியம்மா வயலில் இறங்கிவிட்டார். அடுத்த வருடம் அடிக்குறிப்போடு சோதித்ததில் நல்ல மதிப்பெண். "பாஸா சார்?" என்று கேட்டார். பாஸ் என்றேன்.

அதற்கும் அடுத்த வருடம், பங்குனி வெயிலில், மூன்றாம் சோதனைக்குப் போனேன். படம் காட்டினேன்.

"மல" என்றார்.

வாரத்துக்கு எத்தனை நாள்?

"ஏழு."

அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும், கேட்காமல் இருக்க விதி இடம் தராது. வீட்டுக்காரர் பெயர்?

"ஏழுமல." வெட்கமில்லை, புடவைத் தலைப்பு வாய்க்குப் போகவில்லை. கடைக்காரரின் பெயரைச் சொல்வது போல இருந்தது. பிறகு இருபதிலிருந்து ஒன்றுவரை வழுக்கிக்கொண்டு வந்தார். பதினேழும் வந்தது, ஏழும் வந்தது. மூன்று சொற்களும் திரும்பி வந்தன. கூட்டினேன். முப்பதுக்கு முப்பது. மூன்று வருடத்தில் அவர் வாங்கிய மிக உயர்ந்த மதிப்பெண்.

வேப்பமரத்தடியில் இருந்த ஏழுமலை என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கொஞ்ச தூரம் தள்ளி அழைத்துப் போனார்.

"பேரு சொன்னாளா சார்?"

"சொன்னாங்க. எவ்வளவு நாளா?"

"பொங்கலுக்கு அப்பால. மொதல்ல எண்ணுறப்போதான் வந்துச்சி. பொம்பளைங்க சிரிச்சிக்கினு கெடந்தாளுங்க, கெயவிக்குத் தைரியம் வந்துட்ச்சின்னு. அப்பால என்னியே கூப்புட்டா. நேத்து கஞ்சிய ஊத்தி வெச்சிட்டு என் மூஞ்சியப் பாத்து என்னியே கேக்குறா சார். 'ஏழுமலையப் பாத்தியா, பசியோட போச்சே அந்த ஆளு'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏரிக்கரைக்குப் போய்க்கீறாரு, வந்துடுவாருன்னேன். வேற இன்னா சார் சொல்றது? நாந்தாண்டின்னா பயந்துக்குறா."

சங்கருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவனுக்கு நைட்டு ஷிப்ட், சொல்லவில்லை என்றார். பிறகு என் பையைப் பார்த்தார். "அந்த ரோஸ் சீட்ட மட்டும் குடுத்துடாதீங்க சார். போன தபா நாலு மாசம் குந்த வெச்சானே, அதுலயே பாதி பூட்டா. சேத்துல எறங்குனா இப்பவும் கை தானா நடுது. செட்டுப் பொம்பளைங்க நடுவுல நிக்க வெச்சிப் பாத்துக்குறாளுங்க. ரெண்டு போகமாவது நடட்டும்."

சீட்டுப் புத்தகம் பையில்தான் இருந்தது. முப்பது வாங்கியவருக்குச் சீட்டு கொடுக்க விதி இல்லை. படிவமும் புருஷனும் ஒரே பக்கம் நின்றார்கள். சரி என்றேன்.

மறுநாள் மேடம் நின்றபடி படித்துக்கொண்டு வந்தவர், அந்தப் பெயரில் பென்சிலை நிறுத்தினார்.

"அந்த அம்மாதானே? ஏழு சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேடம்."

"எப்படி?"

மூன்றாம் வருடம் அதே கேள்விகள் என்பதால் பதில் பழகிப்போய் மதிப்பெண் ஏறுவது உண்டு. அதற்கு எங்கள் தொழிலில் பழக்க விளைவு என்று ஒரு பெயரும் இருக்கிறது. "கேள்வி பழகியிருக்கும் மேடம், கூச்சம் போயிருக்கும்" என்றேன். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவங்க சொன்னதை எழுதியிருந்தேன், நான் நினைத்ததை எழுதவில்லை. அவருடைய வேதத்தை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த நாள் அது.

ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம், சோறு உண்ணக் கரையேறிய பெண்கள் திரும்பிப் பார்த்தபோது கன்னியம்மாவைக் காணவில்லை. சாயங்காலம் ஏரி மதகுப் படியில் கண்டுபிடித்தார்கள். சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. பக்கத்தில் கஞ்சித் தூக்கு கிடந்ததாக, மூடி திறக்காமல் இருந்ததாகச் செல்வி சொன்னார். எதற்கு அந்தப் பக்கம் போனாரென்று காலனியில் யாருக்கும் தெரியவில்லையாம்.

பத்து நாள் கழித்துச் சங்கர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கம்பெனிச் சட்டையிலேயே இருந்தார், தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லாதப்ப சீட்டு குடுத்தீங்க. நானும் நம்பி வூட்ல குந்த வெச்சேன். இப்ப நெசமாவே வந்துக்கீது. பெரியாஸ்பத்திரில சொல்றாங்க, ரொம்ப நாளா கீதாம். அப்ப ஏன் மேடம் சீட்டு குடுக்கல?"

மேடம் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன் வைத்தார். சங்கர் அந்த முப்பதைப் பார்த்தார். மறுபடி மேடத்தைப் பார்த்தார். மேடம் அப்போது செய்த ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தப்பு எங்களோடது. அவங்க பேரச் சொன்னதுதான் அறிகுறி. நாங்க பழக்கம்னு நெனச்சிட்டோம். கையெழுத்துப் போட்டது நான்தான்."

நாங்கள் என்றார். நான் ரத்தக் குழாய்களை வைக்கும் உறைபெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க நிறைய நேரம் இருந்தது.

சங்கர் என் பக்கம் திரும்பினார். "சார், அன்னிக்கு நீங்க வந்தப்போ எங்கப்பா இருந்தாரே. அவுரு எதுனா சொன்னாரா உங்களாண்ட?"

அன்று ஏழுமலை சொன்ன ஏரிக்கரையும், திறக்காத தூக்கும் என் மனதில் வந்தன. வீட்டில் அப்பனும் மகனும் இனி ஒரே கூரையின் கீழ் அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதும் வந்தது. என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்பதும், மறைக்காமல் சொன்னால், வந்தது. இதில் எது முதலில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"இல்லப்பா" என்றேன். "ஒண்ணும் சொல்லல."

சங்கர் தலையாட்டினார். படிவத்தை மேடத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிற நேரம் என்று சொல்லி வண்டியை எடுத்தார்.